அடுத்த நாட்டுச் சட்டமும் நம் வாசலும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மெக்சிகோ அதிபராக இருந்த ஃபெலிப்பே கால்டெரோன், 2010இல் அமெரிக்க நாடாளுமன்றத்திலேயே நின்று அரிசோனா மாநிலத்தின் குடியேற்றச் சட்டத்தைக் கண்டித்ததாகப் படித்தேன். விருந்தாளியாகப் போன இடத்தில் அந்த வீட்டுச் சட்டத்தைக் குறை சொல்வது முறையா?
- தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: முறைதான். தன் ஜனங்கள் லட்சக்கணக்கில் பிழைக்கப் போயிருக்கும் நாட்டில், ஒரு தலைவர் வாய் திறக்காமல் விருந்து சாப்பிட்டுத் திரும்பினால்தான் தப்பு என்பேன். அந்த ஏப்ரலில் கையெழுத்தான அரிசோனா சட்டம், வேறு ஏதோ காரணத்துக்காகப் போலீஸ் நிறுத்திய ஆளிடமும், சந்தேகம் வந்தால் 'நீ முறைப்படி வந்தவனா' என்று விசாரிக்கச் சொன்னது. சந்தேகம் எதைப் பார்த்து வரும்? தோலின் நிறத்தையும் பேச்சையும் பார்த்துத்தானே! மே 20ஆம் தேதி கால்டெரோன் அந்த வலியைத்தான் சொன்னார். ஒரு பக்கத்தார் எழுந்து கைதட்டினார்கள், எதிர்ப்பக்கத்தில் பலர் உட்கார்ந்தே இருந்தார்கள். 2012 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்குக்கு வந்த நான்கு பிரிவுகளில் மூன்றை ரத்து செய்தது. ஆனால் விசாரிக்கச் சொல்லும் அந்தப் பிரிவை அப்போது விட்டுவைத்தது.

சரி, அவருடைய சொந்த நாடு எப்படி இருந்தது? மெக்சிகோவில் அனுமதியில்லாமல் நுழைந்தவருக்கு 2008 வரை சிறைத் தண்டனை உண்டு. அதை எடுத்த பிறகும், வெளிநாட்டவர் ஒரு வேலையாக அரசு அலுவலகத்துக்குப் போனால் முதலில் அனுமதிக் காகிதத்தைக் காட்ட வேண்டும் என்ற விதி இருந்தது. வழியில் பணத்தைப் பறித்தாலும் புகார் கொடுக்கப் பயம். கால்டெரோன் பேசி மூன்று மாதத்தில், சான் ஃபெர்னாண்டோ என்ற ஊரில் 72 உடல்கள் கிடைத்தன. அமெரிக்கா போய்ப் பிழைக்கலாம் என்று மெக்சிகோ வழியாக வந்தவர்களை ஒரு கும்பல் கொன்று போட்டிருந்தது. அதற்குப் பிறகுதான், 2011இல், காகிதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பள்ளி, மருத்துவம், நீதி எல்லோருக்கும் உண்டு என்ற புதிய சட்டம் அங்கே வந்தது. அது முதலிலேயே வந்திருந்தால் அவர் பேச்சுக்கு எவ்வளவு பலம் இருந்திருக்கும்!

கேள்வி: இப்படிப் பேசி யாருக்காவது பலன் கிடைத்திருக்கிறதா?
- கொருக்குப்பேட்டை வாசகி

பதில்: எதிர்ப்பலன்கூட உண்டு. 1924இல் ஜப்பானியர் வருகையைத் தடுக்க அமெரிக்கா சட்டம் கொண்டுவந்தபோது, ஜப்பான் தூதர் ஹனிஹாரா 'கடும் விளைவுகள்' வரும் என்று கடிதம் எழுதினார். மிரட்டுகிறார்கள் என்று செனட்டர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். சட்டம் நிறைவேறிவிட்டது.

ஆனாலும் பேசத்தான் வேண்டும். 1860இலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன நம் ஜனங்களின் பிள்ளைகள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று தென்னாப்பிரிக்கா 1946இல் சட்டம் போட்டது. அந்த நாட்டோடு வியாபாரத்தையே நிறுத்திவிட்டு, இந்தியா வழக்கை ஐ.நா.வுக்குக் கொண்டுபோனது. நமக்கு இன்னும் சுதந்திரம்கூடக் கிடைக்காத வருஷம் அது! 'இது எங்கள் உள்நாட்டு விவகாரம்' என்றார் அங்கே பிரதமராக இருந்த ஸ்மட்ஸ். ஐ.நா. பொதுச்சபை அதை ஏற்காமல் இந்தியாவின் பக்கம் தீர்மானம் போட்டது. அந்தச் சட்டம் உடனே போய்விடவில்லை, நிலைமை இன்னும் மோசமாகத்தான் ஆனது. இருந்தும் டர்பனில் இருந்த ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு, நமக்காகக் கேட்க ஒரு நாடு இருக்கிறது என்று தெரிவதே எவ்வளவு பெரிய தெம்பு!

கேள்வி: நீங்கள் பர்மாவிலிருந்து வந்தவர் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். உங்களுக்காக யார் பேசினார்கள்?
- எம்.கே.பி. நகர் வாசகர்

பதில்: 1964இல் பர்மாவில் கடைகளை எல்லாம் அரசுடைமை ஆக்கினார்கள். ரங்கூனில் அப்பா வைத்திருந்த மளிகைக் கடையும் அதோடு போனது. மறு வருஷம் சென்னைத் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கும்போது எனக்கு ஆறு வயது. அம்மாவிடம் மிஞ்சியது காதில் கிடந்த தோடு மட்டும். எங்களுக்காக யார் என்ன பேசினார்களோ, அந்த வயதில் எனக்கு எட்டவில்லை. ஆனால் இந்தியா கப்பல் அனுப்பியது, இறங்கியதும் 'நீ இந்த நாட்டுக்காரி' என்று ஏற்றுக்கொண்டது. அப்பா செகண்ட் லைன் பீச்சில் தள்ளுவண்டி போட்டு அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்றார். வியாசர்பாடியில் குடிசை போட்டோம். அப்புறம் அதே இடத்தில் வீடு கட்டினோம். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன்.

அதனால்தான் புழல் காவாங்கரை முகாமுக்குப் போகும்போதெல்லாம் மனசு கனக்கிறது. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து படகேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே வளர்கிறார்கள். பெயரை 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். அது நல்ல காரியம்தான். ஆனால் 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் மூன்று நாடுகளிலிருந்து வந்த சில மதத்தினருக்குக் குடியுரிமை பெற வழி இருக்கிறது, அந்த நாடுகளில் இலங்கை இல்லை. அந்தச் சட்டத்தை மலேசியப் பிரதமராக இருந்த மகாதீர் குறை சொன்னபோது, 'இது முழுக்க எங்கள் உள்விவகாரம்' என்று டெல்லி பதில் கொடுத்தது. அந்தச் செய்தியைப் படித்ததும் எனக்கு ஸ்மட்ஸ் ஞாபகம்தான் வந்தது. வெளியிலிருந்து ஒருவர் சொன்னார் என்பதற்காக அந்தக் கேள்வி இல்லாமல் போய்விடாது. நேட்டாலுக்காக அவ்வளவு தூரம் போய்க் கேட்ட நாம், காவாங்கரைக்கு என்ன சொல்கிறோம்?

முகாமில் எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி இந்த வருஷம் கல்லூரிக்குப் போகிறாள். விண்ணப்பத்தை நிரப்ப என் வீட்டுக்கு வந்தாள். 'குடியுரிமை' என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள். இந்த மண்ணில் பிறந்தாலே குடியுரிமை என்பது 1987 ஜூலையோடு முடிந்துவிட்டது. இவள் பிறந்தது அதற்கு எத்தனையோ வருஷம் கழித்து. கடைசியில் 'இலங்கை' என்று எழுதினாள். அவள் இலங்கையைப் பார்த்ததே இல்லை.