கீறல் முதல்லயா, முத்திரை முதல்லயா? (பழம்பொருள் கேள்வி-பதில்)

கேள்வி: நான் ஜெர்மனியில டோர்ட்முண்டில இருக்கிறன். போன ஞாயிறு ஃப்ளோமார்க்ட்டில (பழைய சாமான் சந்தை) ரெண்டாம் உலகப்போர் ஃபிளேர் தோட்டா (வானத்தில கலர் வெளிச்சம் விட்டு சிக்னல் குடுக்கிறது) எண்டு சொல்லி அலுமினியத்தில நாலு வாங்கினனான். அடியில மூண்டு எழுத்தும் 42 எண்டு வருசமும் கிடக்கு. ரெண்டு வெறும் கோது, மற்ற ரெண்டிலயும் மேல் மூடி அப்பிடியே இருக்கு. ஒரிஜினலோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? மூடியைக் கழட்டி உள்ளுக்குப் பாக்கலாமோ?
*(வாசகர், டோர்ட்முண்ட்)*

பதில்: கடைசி கேள்விக்கு மொதல்ல பதில் சொல்லிடுறேன், கழட்டாதீங்க. மூடி இருக்குற ரெண்டும் உயிரோட இருக்குன்னு நெனச்சிக்கோங்க, ஒரிஜினலா ஃபேக்கான்றது அப்புறம். உள்ள தூக்கி எறியுறதுக்கு கருமருந்தும், அதுக்கு மேல மெக்னீசியம் மாதிரி உலோகப் பொடி கலந்த நட்சத்திர வில்லையும் இருக்கும், செவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்கு பேரியம், நம்ம மத்தாப்பு சங்கதி தான். ஆனா 80 வருஷமா ஈரம் குடிச்ச மத்தாப்பு எப்ப என்ன பண்ணும்னு யாராலயும் சொல்ல முடியாது. இன்னொண்ணு, அடியில பிரைமர்ல, அதாவது மருந்த பத்தவைக்கிற சின்ன வில்லையில, ஊசி குத்துன பள்ளம் இருந்தா "இது சுட்டாச்சு, பயம் இல்ல"ன்னு விக்கிறவங்க சொல்வாங்க, நம்பாதீங்க, குத்தியும் வெடிக்காம போன தோட்டாவுக்கும் அதே பள்ளம் தான் இருக்கும். வாய் தெறந்து உள்ள அடிவரைக்கும் வெளிச்சம் போனா தான் காலி. அந்த ரெண்டையும் ஆட்டாம அசைக்காம வெச்சிட்டு 110க்கு, அதாவது போலீசுக்கு, போன் போடுங்க, நீங்களே தூக்கிட்டு ஸ்டேஷனுக்கு போயிடாதீங்க. உங்க ஊர்ல தான் பழைய விமான குண்டு எடுக்க அடிக்கடி தெருவையே காலி பண்றாங்களே, அந்த டீமுக்கு இது சின்ன வேலை. பர்மிட் இல்லாம உயிர் தோட்டா வெச்சிருந்தா அங்க சட்டப்படியும் சிக்கல்.

சரி, இப்ப அந்த காலி கோது, அதாவது வெறும் தோட்டா ஓடு, ரெண்டுக்கு வருவோம்.

எல்லாரும் மொதல்ல அடியில இருக்குற எழுத்தத்தான் பாக்குறாங்க, நான் அத கடைசியா தான் பாப்பேன். எந்த ஃபேக்டரின்னு எதிரிக்கு தெரியக்கூடாதுன்னு தான் அந்த கோடு எழுத்தே (சங்கேத எழுத்து) கொண்டுவந்தாங்க, அப்ப அது ரகசியம், இப்ப அந்த லிஸ்ட் யாருக்கு வேணும்னாலும் கெடைக்கும், போலி செய்யுறவனுக்கும் சேத்து தான். அதனால கோடு சரியா இருக்குன்றது ஒரு ஆதாரமே இல்ல. ஆனா கோடு தப்பா இருந்தா அது பெரிய ஆதாரம். உதாரணத்துக்கு, போருக்கு முன்னாடி தோட்டா ஃபேக்டரிங்களுக்கு 'பி' எழுத்தும் பக்கத்துல நம்பரும் இருந்துச்சு, பி131ன்னா பெர்லின் போர்சிக்வால்டே ஃபேக்டரி. 1940 வாக்குல அது போயி ரெண்டு மூணு சின்ன எழுத்து வந்துச்சு. அப்ப பி நம்பரும் 1943ம் ஒரே அடியில இருந்தா கீழ வெச்சிட்டு நடைய கட்டுங்க. உங்களோடது மூணு எழுத்து, 42. ஒத்துப்போகுது, அவ்ளோ தான்.

அப்புறம் சைஸ். வெர்னியர் காலிப்பர் இருந்தா வெச்சு பாருங்க, ஜெர்மன் சிக்னல் பிஸ்டலுக்கு 26.5 மி.மீ.ன்னு பொதுவா சொல்ற அளவு. பிரிட்டிஷ் தோட்டாவ ஒரு இஞ்ச்னு சொல்வாங்க, அத ஜெர்மன்னு சொல்லி தள்ளிவிடுறது உண்டு. ஆனா அளவு சரியா இருந்தா மட்டும் துள்ளாதீங்க, சோவியத் காரங்களோடதும் 26 தான், போருக்கு அப்புறம் கிழக்கு ஜெர்மனி, மேற்கு ஜெர்மனி, செக் எல்லாருமே இந்த அளவ அப்படியே தொடர்ந்தாங்க, இன்னிக்கு வரைக்கும் தயாராகுது. ஏமாத்துறதுல பாதிக்கு மேல புதுசா செஞ்ச போலி இல்ல, இந்த பிற்கால அசல் தோட்டாங்க தான்னு என் அனுபவம். பிளாஸ்டிக் மூடி இருந்தா போருக்கு அப்புறம் வந்ததுன்னு சந்தேகப்படுங்க, டிஎம்னு போட்டு நம்பர் இருந்தா அது 1955க்கு அப்புறம் வந்த பூண்டஸ்வேர் (மேற்கு ஜெர்மனி ராணுவம்) சரக்கு.

விளிம்ப தடவிப் பாருங்க. நம்ம ரூபா காசு ஓரம் மாதிரி சொரசொரப்பா வரி இருக்கும், சிலதுல முழுக்க, சிலதுல பாதி, சிலதுல ஒண்ணுமே இருக்காது. இருட்டுல லைட் போட முடியாத எடத்துல எது எந்த கலர்னு கை விரலாலேயே தெரிஞ்சிக்கத்தான் அந்த ஏற்பாடு. கலர் பெயின்ட்ட புதுசா அடிச்சு விக்கிறவன் இந்த வரிய மறந்துடுவான்.

இப்ப முக்கியமான விஷயம். லென்ஸ் ஒண்ணு எடுத்துட்டு கோது மேல இருக்குற அச்சு எழுத்தும் கீறலும் ஒண்ண ஒண்ணு வெட்டுற எடத்த தேடுங்க. எழுத்து 1942ல விழுந்துச்சுன்னா அப்புறம் விழுந்த கீறல் எல்லாம் எழுத்த அறுத்துக்கிட்டு போகணும். கீறலுக்கு உள்ள மை எறங்கி இருந்தா கீறல் பழசு, எழுத்து புதுசு, கத முடிஞ்சுது. அடியில குத்துன கோடுக்கும் இதே தான், பள்ளத்துக்குள்ள அலுமினியம் பளபளன்னு வெள்ளையா இருந்து சுத்தி மட்டும் மங்கலா, உப்பு பூத்த மாதிரி இருந்தா சந்தேகப்படுங்க. அதனால தயவுசெஞ்சு பிரஷ் போட்டு தேய்க்காதீங்க, நீங்க தேய்க்கிற அழுக்கு தான் உங்க சாட்சி.

கேள்வி: ஃபிளேர் தோட்டா வைக்கிற ஜெர்மன் லெதர் பை ஒண்ணு எனக்கு விலைக்கு வருது. உள்ள கழுகு முத்திரையும் 1939ம் இருக்கு. யூவி டார்ச் அடிச்சா நூல் பளிச்சுனு மின்னுனா போலின்னு சொல்றாங்களே, அது போதுமா?
*(வாசகி, பாரிஸ்)*

பதில்: போதாதும்மா. நூல் நீலமா மின்னுறதுக்கு காரணம் வெளுப்பு கெமிக்கல், அது பரவலா புழக்கத்துக்கு வந்தது போருக்கு அப்புறம் தான், அதனால மின்னுனா கெட்ட அறிகுறி தான். ஆனா நடுவுல யாரோ வாஷிங் பவுடர்ல முக்கி எடுத்திருந்தாலும் அசல் நூல் மின்னும், நடுவுல யாரோ தையல் விட்டுச்சுன்னு புது நூல்ல தச்சிருந்தாலும் மின்னும். மின்னலன்னா அசல்னும் அர்த்தம் இல்ல.

பையில வருஷக்கணக்கு தான் நல்லா பேசும். ஆரம்பத்துல செஞ்சவங்க பேரும் ஊரும் வருஷமும் தோல்ல முழுசா அமுக்குவாங்க, அப்புறம் எழுத்து கோடு, கடைசி காலத்துல அதாவது 1943 வாக்குல ஆர்பி நம்பர்னு சைபர்ல ஆரம்பிக்கிற நீளமான எண். நானே வாங்கி ஏமாந்த கத ஒண்ணு இருக்கு, ஒரு எக்ஸிபிஷன்ல ஒருத்தர்கிட்ட பேரம் பேசி பேசி பாதி விலைக்கு எறக்கிட்டேன்னு குஷியா வீட்டுக்கு வந்து பாத்தா ஆர்பி நம்பருக்கு பக்கத்துல 1938ன்னு போட்டிருக்கு. நம்பர் முறை வர்றதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே நம்பர்! பேரம் பேசுற நேரத்துல அத படிச்சிருக்கலாம்.

உங்க பையில 1939 கூட பேரும் ஊரும் இருக்கான்னு பாருங்க, இருந்தா நல்லது. அடுத்தது மேல சொன்ன அதே லென்ஸ் வேலை. அசல்ல தோல் புதுசா இருக்கும்போதே முத்திரை அமுக்கிட்டாங்க, அதுக்கப்புறம் காஞ்சு வெடிச்ச விரிசல் முத்திரை உள்ளயும் தொடர்ந்து ஓடும். பழைய வெறும் பையில இப்ப அமுக்குனா விரிசல் முத்திரை ஓரத்துல நசுங்கி நிக்கும், பள்ளத்துக்குள்ள தோல் நெறமும் வேற மாதிரி இருக்கும். ஈரமான வெள்ளத் துணியால மறைவான எடத்துல லேசா ஒத்தி பாருங்க, டீத்தண்ணி கலர்ல சாயம் எறங்குனா யாரோ வயசு ஏத்திருக்காங்க. கழுகு பெருசா, தெளிவா, வெளியில எல்லாருக்கும் தெரியுற மாதிரி இருந்தா எனக்கு உடனே மூக்கு வேர்க்கும், நிஜ இன்ஸ்பெக்ஷன் முத்திரை சின்னதா, அவசரத்துல கோணலா குத்துனது, கீழ டபிள்யூஏஏன்னு (ராணுவ ஆயுத இலாகாவோட சுருக்கெழுத்து) போட்டு நம்பர் இருக்கும், அவ்ளோ தான்.

கேள்வி: காலி கோது ஒண்ண ஜெர்மனில இருந்து சென்னைக்கு பெட்டியில போட்டு எடுத்துட்டு வரலாமா?
*(வாசகர், மடிப்பாக்கம்)*

பதில்: வேணாம் சார். ஸ்கேன்ல தெரியுறது தோட்டா வடிவம் தான், அதுக்குள்ள ஒண்ணும் இல்லன்னு நீங்க விளக்கி முடிக்கிறதுக்குள்ள ஃபிளைட் போயிடும். அங்கயே நல்லா நாலு பக்கமும் போட்டோ எடுத்துட்டு வாங்க, அடிப்பக்கத்த மட்டும் சாய்வா வெளிச்சம் விட்டு எடுங்க, அப்பதான் எழுத்து படிக்க வரும்.