அப்பாவின் பஸ் தரிப்பிடம்

அன்பின் ஐயா,

யாழ்ப்பாணம் டவுனில் வேலை செய்கிறேன். மாலை ஆறரைக்குப் பிறகு எங்கள் ஊருக்கு பஸ் இல்லை. சம்பளத்தில் கால்வாசி ஓட்டோவுக்கே போகிறது. 2025 மே 6 பிரதேச சபைத் தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வந்தவர், வென்றால் சபைக் காசில் இரவு பஸ் விடுவோம் என்கிறார். நம்பலாமா? போன முறை நான் வாக்களிக்கவே இல்லை.

க., வலிகாமம்

அன்பின் க.,

நம்ப வேண்டாம். சிவப்பு பஸ் இலங்கைப் போக்குவரத்துச் சபையுடையது, கொழும்பு அரசின் கையில். தனியார் பஸ்ஸுக்கு வழித்தட அனுமதி கொடுப்பது மாகாணம். எங்கள் வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரிலேயே முடிந்து, இப்போது எல்லாம் ஆளுநர்தான். சரி, அது கிடக்கட்டும்.

வாக்களிக்கவில்லை என்பதைப் பெருமைபோல எழுதியிருக்கிறீர்கள். 2018க்குப் பிறகு 2025இல்தான் இந்தத் தேர்தல் வருகிறது. 2023இல் காசில்லை என்று தள்ளிவைத்தார்கள். ஏழு வருடத்துக்கு ஒருமுறை வருவதைத் தவறவிடுகிற ஆளுக்கு, பஸ் தவறுவதைப் பற்றிப் பேச வாய் இருக்கக் கூடாது, பிள்ளை.

தரிப்பிடம், தெருவிளக்கு, ஒழுங்கை: இவைதான் சபையைக் கேட்கவேண்டியவை. ஆனால் தரிப்பிடம் கட்டுவதை எங்கள் ஊர்களில் செத்துப்போனவர்களிடம் ஒப்படைத்துவிட்டோம். எந்த வீதியிலும் பாருங்கள், 'அமரர் இன்னாரின் ஞாபகார்த்தமாக', கீழே பிள்ளைகள், கனடா, லண்டன். ஊரின் பெயர் இருக்காது.

நானும் குற்றவாளிதான். அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்குத் தம்பி கனடா ஸ்காபரோவிலிருந்து காசு அனுப்பினான். சந்தியில் ஒரு வெறும் இடம் கிடந்தது. சபையில் கேட்டோம், உடனே சரி என்றார்கள். சீமெந்துக் குந்து, நீலப் பூச்சு, கறுப்புக் கல்லில் அப்பாவின் பெயர். திறந்த மறுநாள் காலை ஆசையோடு போய்ப் பார்த்தால் உள்ளே ஒரு சனமில்லை. அத்தனை பேரும் எதிர்ப்பக்க வேம்பின் கீழ் நிற்கிறார்கள். டவுனுக்குப் போகிற பஸ் அந்தப் பக்கம்தானே நிற்கும்! நாங்கள் கட்டியது டவுனிலிருந்து வந்து இறங்குகிற பக்கம். இறங்குகிறவனுக்கு எதற்குக் குந்து? அப்பா முப்பது வருடம் அந்த வேம்பின் கீழ் நின்றுதான் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, வேலைக்குப் போனவர். எங்கள் இருவருக்கும் அது நினைவில் வரவில்லை. தம்பியிடம் கார், என்னிடம் மோட்டார் சைக்கிள்.

பிழை எங்களுடையது. ஆனால், "சனம் எந்தப் பக்கம் நிற்கிறது?" என்று சபையில் ஒருவராவது கேட்டிருக்கலாமே! சும்மா வருகிற மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? சபைக்கு வீட்டுச் சோலைவரியையும் கட்டி, சபை செய்யவேண்டியதையும் நாங்களே கட்டிக்கொடுத்தோம். பிறகு அங்கே விளக்கில்லை என்றால், அமரர் குடும்பம் போடட்டும். கூரைத் தகரம் காற்றில் போனால், பேரப்பிள்ளை அனுப்பட்டும். இப்படித்தான் சபை தப்பித்துக்கொள்கிறது. அந்த இருட்டில்தான் நீங்கள் ஓட்டோவில் வந்து இறங்குகிறீர்கள்.

உங்கள் கேள்வியை எங்கேயோ விட்டுவிட்டேன். இந்தத் தேர்தலில் விருப்பு வாக்கு, அதாவது கட்சிக்குள் பிடித்த ஆளுக்குத் தனியாகப் போடுவது, இல்லை; கட்சிக்கு ஒரே புள்ளடிதான். கட்சிக்குப் போடுவது அதன் வட்டார வேட்பாளருக்கும் சேரும். உங்கள் வட்டாரத்து ஆளைப் பிடித்து, கடைசியாக எப்போது பஸ்ஸுக்குக் காத்து நின்றார் என்று கேளுங்கள்.

அப்பாவின் தரிப்பிடத்தில் மத்தியானங்களில் ஆடுகள் படுத்திருக்கும். போன கிழமை ஒரு வேட்பாளரின் நோட்டீஸை அங்கே ஒட்டியிருக்கிறார்கள். அப்பாவின் பெயரில் பாதி அதற்கடியில்.