தேனீ தொடும் முன்பே மகரந்தம் அதன்மேல் தாவுமா?

ஆமாம், தாவும். காரணம் மின்னூட்டம். பறக்கும்போது காற்றோடு உரசி உரசி, தேனீயின் உடலில் நேர் மின்னூட்டம் சேர்கிறது. தலைமுடியில் தேய்த்த பலூன் காகிதத் துணுக்குகளை இழுக்குமே, ஏறக்குறைய அதே சங்கதிதான். பூவோ தண்டு, வேர் வழியாக மண்ணோடு இணைந்தது. தேனீ நெருங்க நெருங்க அதில் எதிர் மின்னூட்டம் கூடும். இடைவெளி மிகச் சிறிதானதும், லேசான மகரந்தத் துகள்கள் எழும்பித் தேனீயின் ரோமங்களில் போய் ஒட்டிக்கொள்ளும்.

எனக்கு இதைவிட வியப்பு, பூவின் மின்னூட்டம் தன்னைச் சுற்றி உண்டாக்கும் மின்புலத்தை, அதாவது அதன் மின்விசை எட்டும் பரப்பை, தேனீக்களால் உணரவே முடியும் என்பது. 2013-இல் பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பம்பிள் தேனீக்களை (உடல் பருத்த, ரோமம் அடர்ந்த ஒரு தேனீ வகை) வைத்து இதைச் சோதித்தார்கள். செயற்கைப் பூக்களில் பாதிக்கு மட்டும் 30 வோல்ட் கொடுத்து, அவற்றில் சர்க்கரைக் கரைசல் வைத்தார்கள். மற்றவற்றில் கசக்கும் குயினைன். தேனீக்கள் இனிப்புப் பூவைக் கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டன. மின்சாரத்தை நிறுத்தினார்கள், அவ்வளவுதான், எது எதுவென்று அவற்றுக்குத் தெரியவில்லை.

சரி, எப்படி உணர்கின்றன? 2016-இல் அதே பல்கலைக்கழகத்தில் விடை கிடைத்தது. மின்புலம் பட்டதும் உடல் ரோமங்கள் மெல்ல அசைகின்றன. அந்த அசைவை அடியிலுள்ள நரம்பு செல்கள் பிடித்துக்கொள்கின்றன.