பிராகில் ஒரு டிசம்பர் பகல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டிசம்பர் நடுவில் நானும் மனைவியும் ஒரு நாள் செக் நாட்டுத் தலைநகர் பிராகில் இருந்தோம். முதலில் பழைய நகரச் சதுக்கம், கிறிஸ்துமஸ் சந்தை, வானியல் கடிகாரம். பிறகு சார்லஸ் பாலம். பாலத்தில் பனி தூறியது. கையுறையில் விழுந்த பனித்துகள்களைக் கைப்பேசியில் படமெடுத்தபடி மனைவி அரை மணி நேரம் நின்றுவிட்டார். மூன்றரைக்கு மேல் கோட்டைக்கு ஏறிப் போனால், தேவாலயத்துக்குள் இனி அனுமதியில்லை என்றார்கள். நான்கு மணிக்கு இருட்டிவிட்டது. இரவுச் சாப்பாடு வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. குளிர்காலத்தில் ஐரோப்பிய நகரம் பார்க்கப் போவதே வீண்செலவுதானா? கோடையில் மறுபடி போகலாமா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் நாளைக் கெடுத்தது குளிர்காலமும் அல்ல, உங்கள் மனைவியும் அல்ல. நீங்கள் போன வரிசைதான் தவறு. டிசம்பர் நடுவில் பிராகில் எட்டு மணிக்குச் சற்று முன்பின் விடிந்து நான்கு மணிக்கு இருட்டிவிடும். கோட்டையின் உட்கட்டடங்களும் நவம்பர் முதல் மார்ச் வரை நான்கு மணிக்கே மூடப்படுகின்றன. ஆகவே வெளிச்சம் தேவைப்படுபவற்றை முதலிலும், இருட்டினால் கெடாதவற்றைப் பின்னாலும் வைத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் இதை அப்படியே தலைகீழாகச் செய்திருக்கிறீர்கள்.

காலையில் 22-ஆம் எண் டிராமில் ஏறினால் கோட்டைக்கு அருகிலேயே இறங்கலாம். 1344-இல் தொடங்கி 1929-இல்தான் முடிந்த புனித வீட்டஸ் தேவாலயத்தில், வடபுறத்து மூன்றாவது சிற்றாலயத்தில் செக் ஓவியர் அல்போன்ஸ் முகா வரைந்த வண்ணக் கண்ணாடிச் சாளரம் இருக்கிறது. நடுவில் பின்னாளில் புனிதராகப் போற்றப்பட்ட சிறுவன் வென்செஸ்லாஸும் அவன் பாட்டி லுட்மிலாவும். அவர்களைச் சுற்றி நீலமும் பச்சையும் விரிய, அடியில் செலவை ஏற்ற வங்கியின் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது. விளம்பரதாரர் பெயர் தேவாலயச் சாளரத்தில் ஏறியதைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் வெளியே வெளிச்சம் இல்லாவிட்டால் அந்தச் சாளரமே இல்லை. அதற்காகவாவது காலையில் போயிருக்க வேண்டும். பிறகு நெருடோவா தெரு வழியாக இறங்கலாம். வீடுகளுக்கு எண் வருவதற்கு முன்பு அடையாளமாக இருந்த சின்னங்கள், மூன்று பிடில்கள், இரண்டு சூரியன்கள் என, வாசல்களுக்கு மேலே இன்னும் இருக்கின்றன. பனி உறைந்த கல்தளத்தில் அந்த இறக்கம் வழுக்கும் என்பதால் காலணி மட்டும் பிடிப்புள்ளதாக இருக்கட்டும்.

கடிகாரத்துக்கு நான்கு மணிக்கு மேல் போவதில் ஒரு பொருத்தமும் உண்டு. 1410-இல் அமைக்கப்பட்ட அதை, மணிக்கொரு முறை சன்னல் திறந்து வரும் அப்போஸ்தலர் பொம்மைகளுக்காகவும், கயிற்றை இழுக்கும் எலும்புக்கூட்டுக்காகவும் மட்டுமே பெரும்பாலோர் அண்ணாந்து பார்க்கிறார்கள். முகப்பின் வெளிவளையத்தில் பழைய கோதிக் எழுத்தில் 1 முதல் 24 வரை எண்கள் இருப்பதை அடுத்த முறை கவனியுங்கள். அது பழைய பொஹீமிய (இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதி) நேரம். நம் பஞ்சாங்கம் சூரிய உதயத்திலிருந்து நாழிகையை எண்ணுவது போல, அவர்கள் அஸ்தமனத்திலிருந்து மணியை எண்ணினார்கள். சூரியன் மறையும் வேளைதான் 24. அஸ்தமனம் நாளுக்கு நாள் இடம் மாறுவதால் அந்த வளையமும் ஆண்டு முழுவதும் மெல்ல அசைந்துகொண்டே இருக்கிறது. டிசம்பரில் அதன் 24, உள்ளே இருக்கும் ரோமன் எண்களில் பிற்பகல் நான்கை ஒட்டி வந்து நிற்கும். நீங்கள் நாள் முடிந்துவிட்டதென்று நொந்துகொண்ட அதே வேளையில், அந்தக் கணக்குப்படி அடுத்த நாள் பிறந்துவிட்டது.

(சந்தையில் பழைய பொஹீமியப் பண்டம் என்று விற்கும் ட்ர்டெல்னிக்கின், அதாவது கோலில் சுற்றிச் சுட்ட இனிப்பு மாவுப் பண்டத்தின், பழமையை நம்ப வேண்டாம். அந்த நகரில் அது சுற்றுலாக் கூட்டத்தோடு பெருகியது. சூடாகத் தின்னலாம், குற்றமில்லை.)

இனி உங்கள் மனைவி நின்ற அரை மணி நேரம். வானியலாளர் ஜோகன்னஸ் கெப்ளர் 1600 முதல் 1612 வரை பிராகில் இருந்தார்; பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் அரசவைக் கணிதர், ஆனால் சம்பளம் ஒழுங்காக வந்ததில்லை. புத்தாண்டுக்குத் தம் புரவலர் ஒருவருக்குக் கொடுக்கக் கையில் ஒன்றுமில்லாமல் பாலத்தைக் கடந்தபோது, மேலங்கியில் பனித்துகள் விழுந்ததாகவும், எல்லாத் துகள்களுக்கும் ஆறு மூலைகள் இருந்ததாகவும் அவரே எழுதியிருக்கிறார். ஏன் ஐந்தாகவோ ஏழாகவோ இல்லை என்ற கேள்வியிலிருந்து 1611-இல் ஒரு சிறு நூல் பிறந்தது; அதுவே புத்தாண்டுப் பரிசாகவும் ஆயிற்று. உருண்டைகளை மிக நெருக்கமாக அடுக்கும் முறை பற்றி அதில் அவர் போகிற போக்கில் சொன்ன ஊகத்துக்கு, 1998-இல்தான் கணிதர் தாமஸ் ஹேல்ஸ் நிரூபணத்தை அறிவித்தார். அன்று பிராகில் வல்டாவா ஆற்றின் மேல் இருந்தது ஒரே பாலம். இரண்டாவது பாலம் 1841-இல் வந்தது. எனவே கெப்ளர் நின்றதும் அதே பாலத்தில்தான். உங்கள் பட்டியலில் விடுபட்ட எதைவிடவும் அந்த அரை மணி நேரத்தில்தான் உங்கள் மனைவி பிராகைப் பார்த்திருக்கிறார் என்பது என் எண்ணம். அவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

கோடையில் போகலாம், ஆனால் அப்பாலத்தில் தோளோடு தோள் உரசித்தான் நடக்க முடியும். நானாக இருந்தால் சந்தை கலைந்தபின் பிப்ரவரியில் போவேன். அப்போது பகலும் இரண்டு மணி நேரம் நீண்டிருக்கும். பாலத்தின் மேல் நிற்கும் 30 சிலைத்தொகுதிகளில் பெரும்பாலானவை நகல்கள். அசல்கள் சில வைஷெராட் கோட்டைமதிலுக்குள் ஒரு மண்டபத்தில் இருக்கின்றன. மெட்ரோவில் போகலாம், ஊருக்குத் திரும்பும் நாளின் காலைப்பொழுது அதற்குப் போதும்.