வாசகர் கேள்வி பதில்: ஒரே கன்வெர்ட்டர், ரெண்டு பக்கமும் கரண்ட்

கேள்வி: சார், வீட்டு லைட், ஃபேன், ரவுட்டர் எல்லாத்தையும் டிசியிலயே ஓட்டலாம்னு 48 வோல்ட் லைன் ஒண்ணு இழுத்திருக்கேன், பகல்ல சோலார் அந்த லைனுக்குத்தான் கொடுக்குது. மிச்சம் இருந்தா பேட்டரி சார்ஜ் ஆகணும், ராத்திரி அதே பேட்டரி லைனுக்குத் திருப்பிக் கொடுக்கணும், 500 வாட்ஸ் போதும். 16 செல் லித்தியம் அயன் பாஸ்பேட் பேட்டரி வாங்கலாம்னு இருக்கேன். இதுக்கு சார்ஜருக்கு ஒண்ணு, டிஸ்சார்ஜுக்கு ஒண்ணுன்னு ரெண்டு கன்வெர்ட்டர் செய்யணுமா?

பதில்: ஒண்ணே போதும். ஆனா பேட்டரி இன்னும் வாங்கலன்னா கொஞ்சம் பொறுங்க, அந்த 16 செல்லுலதான் சிக்கலே இருக்கு. ஒரு செல் 2.5 வோல்ட்ல இருந்து 3.65 வரைக்கும் போகும், அப்போ 16 செல் சேர்ந்தா 40ல இருந்து 58.4 வரைக்கும் ஏறி இறங்கும், உங்க லைனோ 48ல சரியா நடுவுல நிக்குது, அதனால பேட்டரி ஒரு நேரம் லைனுக்கு மேல இருக்கும், ஒரு நேரம் கீழ இருக்கும். ரெண்டு மாஸ்ஃபெட் (வேகமா ஆன் ஆஃப் ஆகுற எலக்ட்ரானிக் ஸ்விட்ச்), ஒரு காயில் வச்சு செய்ற ஹாஃப் பிரிட்ஜ் சர்க்யூட் இதுக்கு ஒத்து வராது, அதுக்கு ஒரு பக்கம் எப்பவுமே ஒசந்தும் இன்னொரு பக்கம் எப்பவுமே தாழ்ந்தும் இருக்கணும். 4 மாஸ்ஃபெட் போட்டு செய்ற சர்க்யூட் இதைச் சமாளிக்கும்தான், ஆனா முதல் தடவை செய்றவங்க அதுல இறங்க வேணாம்னுதான் சொல்லுவேன்.

8 செல் வாங்குங்க. 20ல இருந்து 29.2 வரைக்கும்தான் போகும், எப்பவும் 48க்கு நல்லா கீழ இருக்கும், அப்போ ஹாஃப் பிரிட்ஜே போதும். 24 வோல்ட்ல 500 வாட்ஸ்னா கிட்டத்தட்ட 21 ஆம்ப்ஸ், பேட்டரி 20க்கு இறங்கினா 25 ஆம்ப்ஸ். 100 கிலோஹெர்ட்ஸ்ல ஸ்விட்ச் பண்ணி 22 மைக்ரோஹென்ரி காயில் போட்டா ரிப்பிள், அதாவது காயில் கரண்ட்டோட ஏற்ற இறக்கம், 5.5 ஆம்ப்ஸ் வரும், அப்போ பீக் 28 பக்கம் போகும், அதனால 35 ஆம்ப்ஸ் வரைக்கும் சாச்சுரேட் ஆகாத (உள்ள காந்தம் நிரம்பிப் போகாத) காயிலா பாத்து எடுங்க, இதுல மட்டும் சிக்கனம் பாக்காதீங்க. மாஸ்ஃபெட் 100 வோல்ட் ரேட்டிங் எடுங்க, ஸ்விட்ச் ஆகுற நேரத்துல வர்ற ஸ்பைக் 48ஓட நிக்காது.

கேள்வி: சார், நான் கடைசி வருஷ ஸ்டூடன்ட், இதே மாதிரி 24க்கு 48 ஹாஃப் பிரிட்ஜ்தான் என் ப்ராஜெக்ட். கோட்ல சார்ஜ் மோட், டிஸ்சார்ஜ் மோட்னு தனித்தனியா எழுதியிருக்கேன். லைன் 48 பக்கத்துல வந்தா ரெண்டு மோடுக்கும் நடுவுல மாறிக்கிட்டே இருக்கு, காயில் சத்தம் போடுது. என்ன பண்ணலாம்?

பதில்: தம்பி, அந்த ரெண்டு மோடையும் அழிச்சிடுங்க. இந்த சர்க்யூட்டுக்கு மோடுன்னு ஒண்ணே கிடையாது, இது புரிஞ்சா பாதி டிசைன் முடிஞ்ச மாதிரி. லைன் ப்ளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவுல ரெண்டு மாஸ்ஃபெட்டும் மேல கீழன்னு வரிசையா நிக்குது, அது ரெண்டும் சேர்ற நடுப்புள்ளியில இருந்து காயில் வழியா பேட்டரி. மேல இருக்கிற மாஸ்ஃபெட் பாதி நேரம் ஆன், கீழ இருக்கிறது மீதி நேரம் ஆன்னு வச்சுக்கோங்க, நடுப்புள்ளியோட சராசரி வோல்டேஜ் 24, பேட்டரியும் 24, கரண்ட் எந்தப் பக்கமும் போகாது. டூட்டிய, அதாவது மேல் மாஸ்ஃபெட் ஆன்ல இருக்கிற நேரப் பங்க, ஒரு துளி கூட்டுங்க, நடுப்புள்ளி பேட்டரிய விட ஒசரும், கரண்ட் பேட்டரிக்குள்ள போகும். ஒரு துளி குறைங்க, பேட்டரியில இருந்து லைனுக்கு வரும். ரெண்டு மாஸ்ஃபெட்டும் எப்பவும் மாத்தி மாத்தி ஆன் ஆகிட்டே இருக்கணும், அது மட்டும் போதும், திசைங்கிறது கரண்ட்டோட ப்ளஸ் மைனஸ் குறிதான். அதனால கோட்ல ஒரே ஒரு கரண்ட் லூப் (கரண்ட்ட அளந்து அதுக்கேத்த மாதிரி டூட்டிய மாத்துற பகுதி) எழுதுங்க, அதுக்கு ப்ளஸ் 20 ஆம்ப்ஸ்ல இருந்து மைனஸ் 20 வரைக்கும் எந்த ரெஃபரன்ஸ் (வேணும்ங்கிற கரண்ட் அளவு) கொடுத்தாலும் சீரோவைத் தாண்டி சத்தமில்லாம போயிட்டு வரும். பேட்டரி ஃபுல்லா, சார்ஜ் பக்க லிமிட்ட சீரோ ஆக்கிடுங்க, லூப்ல கைய வைக்க வேண்டியதில்ல.

ரெஃபரன்ஸ் எங்க இருந்து வரும்னு கேப்பீங்க. லைன் வோல்டேஜ்தான் சொல்லும். சோலார் அதிகமா கொடுத்தா லைன் ஏறும், லோடு அதிகமானா இறங்கும். 0.1 ஓம் மாதிரி ஒரு ட்ரூப் (கரண்ட்டுக்கு ஏத்தபடி லைன் வோல்டேஜ கொஞ்சம் விலக விடுறது) வச்சுக்கிட்டா லைனுக்கு 10 ஆம்ப்ஸ் கொடுக்கும்போது 47லயும் 10 ஆம்ப்ஸ் வாங்கும்போது 49லயும் நிக்கும், நாளைக்கு இன்னொரு பேட்டரியும் கன்வெர்ட்டரும் சேத்தாகூட ரெண்டும் பேசிக்க தனி வயர் வேணாம், தானா பங்கு போட்டுக்கும். எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது.

லைன் வோல்டேஜப் பாத்து அந்த ரெஃபரன்ஸக் கொடுக்கிற, வெளியில இருக்கிற வோல்டேஜ் லூப்ப மட்டும் வேகமா வைக்காதீங்க. லைனுக்கு கூட கரண்ட் கொடுக்கணும்னா கீழ் மாஸ்ஃபெட் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆன்ல இருந்து காயில நிரப்பணும், அந்த நேரத்துல லைனுக்கு ஒண்ணும் போகாது, அதனால லைன் முதல்ல இன்னும் இறங்கிட்டுத்தான் ஏறும். லூப் அவசரப்பட்டா அந்த இறக்கத்தப் பாத்து மறுபடி கூட்டும், அப்படியே ஆட ஆரம்பிச்சிடும். முதல்ல எதிர்ப்பக்கம் போற இந்தக் குணத்துக்கு ரைட் ஹாஃப் பிளேன் சீரோன்னு பேர், மேல சொன்ன 22 மைக்ரோஹென்ரி, 500 வாட்ஸ் அளவுகளுக்கு ஃபுல் லோடுல இது 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வருது, கரண்ட் லூப்ப 10 கிலோஹெர்ட்ஸ்ல வச்சுட்டு வோல்டேஜ் லூப்ப 1 கிலோஹெர்ட்ஸுக்குள்ள வச்சா தொல்லை இல்ல.

கேள்வி: லைன்ல ஷார்ட் ஆச்சுன்னா ரெண்டு மாஸ்ஃபெட்டையும் ஆஃப் பண்ணிட்டா போதும்தானே?

பதில்: போதாது, தயவுசெஞ்சு இதை ஞாபகம் வச்சுக்கோங்க. மேல் மாஸ்ஃபெட்டுக்குள்ள ஒரு பாடி டையோடு (ஒரு திசையில மட்டும் கரண்ட்ட விடுறது) இருக்கு, அது பேட்டரியில இருந்து லைன் பக்கம் பாத்துதான் திரும்பி நிக்குது. லைன் வோல்டேஜ் பேட்டரிக்கு கீழ இறங்கின அடுத்த நொடி, மாஸ்ஃபெட்ட ஆன் ஆஃப் பண்ற கேட் சிக்னல நீங்க ஆஃப் பண்ணியிருந்தாலும் பேட்டரி கரண்ட் காயில் வழியா அந்த டையோடு வழியா நேரா ஷார்ட்டுக்குப் போகும், கோட் எதுவும் அதைத் தடுக்காது. அதனால பேட்டரிய ஒட்டியே டிசி ஃபியூஸ் ஒண்ணு, அதுக்கப்புறம் ரெண்டு திசையிலயும் கரண்ட்ட தடுக்க முதுகோட முதுகு வச்ச ரெண்டு மாஸ்ஃபெட் ஸ்விட்ச் ஒண்ணு, இந்த ரெண்டும் கட்டாயம். முதல் தடவை ஆன் பண்ணும்போதும் இதே வழியாத்தான் காலி கெப்பாசிட்டருக்குள்ள கரண்ட் பாயும், ஒரு ரெசிஸ்டர் வழியா மெதுவா நிரப்பிட்டு அப்புறம் ஸ்விட்ச்ச மூடுங்க.

பிரேக்கர் வாங்கும்போதும் கவனம். 50 ஹெர்ட்ஸ் ஏசி நொடிக்கு 100 தடவை சீரோ ஆகும், அதுல ஆர்க் (பிரேக்கர் திறக்கும்போது வர்ற தீப்பொறி) அணைஞ்சிடும், டிசிக்கு அந்த வசதி இல்ல. டிசி எம்சிபியிலயும் (சின்ன பிரேக்கர்) ப்ளஸ் மைனஸ் குறி போட்டது இருக்கு, அதுக்குள்ள இருக்கிற காந்தம் ஒரே திசையில போற கரண்ட்டோட ஆர்க்கத்தான் சரியான பக்கம் தள்ளும், தலைகீழா கரண்ட் போகும்போது ட்ரிப் ஆனா ஆர்க் தப்பான பக்கம் போய் உள்ளயே எரியும். நம்ம கன்வெர்ட்டர்ல கரண்ட் ரெண்டு பக்கமும் போகும், அதனால போலாரிட்டி இல்லாத டிசி பிரேக்கர்னு கேட்டு வாங்கணும்.

கேள்வி: லைன 380 வோல்ட்டா வச்சா வயர் மெலிசா போதுமே, இதே சர்க்யூட் ஓடுமா?

பதில்: 24ல இருந்து 380க்கு ஹாஃப் பிரிட்ஜ்ல போக வேணாம், டூட்டி 6 சதவீதம் பக்கம் வந்திடும், பேட்டரிக்கும் லைனுக்கும் நடுவுல ஐசொலேஷனும் (நேரடி மின் தொடர்பு இல்லாத பிரிப்பு) இருக்காது. அதுக்கு ட்யூவல் ஆக்டிவ் பிரிட்ஜ் இருக்கு, டி டான்கர், திவான், கெரலுவாலா மூணு பேரும் 1991ல பேப்பரா எழுதினது. ட்ரான்ஸ்ஃபார்மருக்கு ரெண்டு பக்கமும் பிரிட்ஜ், எந்த பிரிட்ஜோட ஸ்விட்சிங் முந்துதோ அங்க இருந்து மத்த பக்கத்துக்குப் பவர் போகும். அருமையான சர்க்யூட், ஆனா 380 உயிருக்கு ஆபத்தான வோல்டேஜ். வீட்டுக்குள்ள சொந்தமா செய்றவங்க 60க்கு கீழயே இருங்க.

கேள்வி: போர்டு ரெடி சார். பெஞ்ச் பவர் சப்ளைய 48ல வச்சு லைன் பக்கம் கொடுத்து டெஸ்ட் பண்ணலாமா?

பதில்: அப்படியே கொடுக்காதீங்க. பெஞ்ச் சப்ளைக்கு கொடுக்கத்தான் தெரியும், வாங்கத் தெரியாது. நீங்க திசைய மாத்தினதும் பேட்டரி கரண்ட் லைனுக்கு வரும், போக இடமில்லாம வோல்டேஜ் ஏறிக்கிட்டே போகும், எனக்கு ஒரு தடவை இப்படித்தான் சப்ளையோட கெப்பாசிட்டரும் போச்சு, மேல் கீழ் ரெண்டு மாஸ்ஃபெட்டும் போச்சு. சப்ளைக்கு குறுக்க 16 ஓம், 200 வாட்ஸ் ரெசிஸ்டர் ஒண்ணு மாட்டுங்க, அது எப்பவும் 3 ஆம்ப்ஸ் இழுத்துக்கிட்டே இருக்கும், உங்க கரண்ட் லிமிட்ட 2 ஆம்ப்ஸுக்குள்ள வச்சா வர்றதெல்லாம் அதுலயே போயிடும். லைன் 56 தாண்டினா கேட் சிக்னல நிறுத்துற மாதிரி ஒரு கம்பேரட்டர் (ரெண்டு வோல்டேஜ ஒப்பிட்டுப் பாக்குற சர்க்யூட்), கோட்ல இல்ல, ஹார்ட்வேர்லயே வைங்க. பேட்டரி பக்கமும் அதே மாதிரி 32ல ஒண்ணு வேணும், சார்ஜ் ஆகிட்டு இருக்கும்போது பிஎம்எஸ் (பேட்டரியோட பாதுகாப்பு போர்டு) திடீர்னு பேட்டரிய கழட்டி விட்டா அந்தப் பக்கம்தான் எகிறும். ரெசிஸ்டர் நல்லா சுடும், கை படாத இடத்துல வச்சுட்டு ஆரம்பிங்க.