பேசாத சிறுவனும் தொண்டை கட்டிய ஆசிரியையும்

கேள்வி: ஆங்கிலம் பேசாத ஒரு வெளிநாட்டில், ஆறு வயதுக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பணியில் சேர்ந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. வகுப்பில் 22 பேர். அவர்களில் ஒரு சிறுவன் இன்றுவரை ஆங்கிலத்தில் ஒரு சொல்கூடப் பேசியதில்லை. அவர்கள் மொழியில் நான் ஏதேனும் சொல்ல முயன்றால் வகுப்பே சிரிக்கிறது. கூச்சலை அடக்கக் கத்திக் கத்தி, மதியத்துக்குள் எனக்குத் தொண்டை கட்டிவிடுகிறது. இந்த வேலைக்கு நான் ஏற்றவள்தானா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, வகுப்பறையில் எல்லாக் காரியமும் உங்கள் வாய்வழியாகவே நடந்தாக வேண்டும் என்று நீங்கள் நினைப்பதிலிருந்தே இந்த மூன்று குறைகளும் கிளைத்திருக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. வெளிநாட்டில் சிறு குழந்தைகளுக்கு ஏழு ஆண்டுகள் பாடம் சொல்லித்தந்த நானும், முதலாண்டு முழுவதும் இதே தவற்றைத்தான் செய்தேன்.

புதிய மொழிக்குள் வரும் குழந்தைகளில் பலர், வாய் திறப்பதற்கு முன் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், கேட்டுக்கொண்டு மட்டுமே இருப்பார்கள். மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் இதனை மௌனக் காலம் என்றே குறிப்பிடுகிறார். அந்த நாள்களில் பிள்ளை சும்மா இருப்பதில்லை, சேர்த்துவைத்துக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு ஐயமிருந்தால் ‘கதவைத் தொடு’, ‘புத்தகத்தைத் தலைமேல் வை’ என்று விளையாட்டாகச் சொல்லிப் பாருங்கள். சொல்லைக் கேட்டு உடலால் பதில் தரும் இந்த வழியை அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களிலேயே ஒரு கற்பித்தல் முறையாக வகுத்தார். அந்தச் சிறுவன் மற்றவர்களைப் பார்த்துச் செய்கிறானா, தானாகவே செய்கிறானா என்பதை மட்டும் கவனியுங்கள். தானாகவே செய்தால் உங்கள் பாடம் அவனுக்குள் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

என் வகுப்பில் ஒரு சிறுமி ஏறக்குறைய நான்கு மாதங்களைத் தலையசைப்பிலேயே கழித்தாள். ஒரு நாள் கிரேயான்களைப் பங்கிட்டுக்கொண்டிருந்த நான், அவசரத்தில் ஊதா நிறத்தை நீலம் என்று சொல்லிவிட்டேன். அவள் அதை என் கையிலிருந்து பிடுங்கி, அதில் சுற்றியிருந்த பாதி கிழிந்த தாளை என் கண்ணெதிரே நீட்டி, ‘இது நீலம் இல்லை, ஊதா’ என்று ஆங்கிலத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டு இடத்தில் போய் உட்கார்ந்தாள். நான் எத்தனையோ வாரங்கள் கெஞ்சியும் வராத பேச்சு, என்னைத் திருத்த வேண்டியிருந்தபோது தானாக வந்தது.

நீங்கள் கேள்வி கேட்ட பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்பதையும் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஏறத்தாழ ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து காட்டினார். அதை மூன்று விநாடிகளுக்கு நீட்டியபோது விடைகள் நீளமாயின, பதிலே சொல்லாமல் விடுவதும் குறைந்தது. வேற்றுமொழியில் கேட்டு, புரிந்து, சொல் தேடும் ஆறு வயதுப் பிள்ளைக்கு மூன்று விநாடியும் போதாது. மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். முதல் வாரம் அந்த அமைதி உங்களுக்குத்தான் சங்கடமாக இருக்கும்.

சிரிப்பைப் பற்றி அதிகம் வருந்தாதீர்கள். ஆறு வயதில் விநோதமான உச்சரிப்பு எதுவானாலும் சிரிப்புதான். நாள் முடிவில் ஐந்து நிமிடம் அவர்களை ஆசிரியராக்கி, தினம் ஒரு சொல்லை உங்களுக்குக் கற்றுத்தரச் சொல்லுங்கள். பெரியவர் ஒருவர் தடுமாறித் தடுமாறிக் கற்பதைப் பார்க்கும் பிள்ளைகளுக்குத் தாங்கள் தடுமாறும் கூச்சமும் குறையும்.

தொண்டை விஷயத்தில் சற்றுக் கண்டிப்பாகவே சொல்கிறேன்: கத்துவதை நாளையே நிறுத்துங்கள். உங்கள் குரல் உயர்ந்தால் அவர்கள் குரல் அதற்கும் மேலே ஏறும். 1907இல் ரோம் நகரில் ‘குழந்தைகள் இல்லம்’ என்ற பெயரில் தம் முதல் பள்ளியைத் தொடங்கிய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, அமைதியையே ஒரு விளையாட்டாக்கினார்; அடுத்த அறையிலிருந்து அவர் ஒவ்வொரு பெயராகக் கிசுகிசுப்பார், பெயர் கேட்ட குழந்தை ஓசைப்படாமல் எழுந்து வர வேண்டும். 22 பேருக்கும் இதை ஒரே மூச்சில் செய்யாமல், ஐந்தாறு பேரோடு தொடங்குங்கள். தவிர, கூச்சலில் பாதி ‘அடுத்து என்ன’ என்று தெரியாத தவிப்பிலிருந்தே பிறக்கிறது. அன்றைய வேலைகளைப் படங்களாக வரைந்து பலகையில் வரிசையாக ஒட்டி, முடிந்ததை ஒரு பிள்ளையே எடுத்துவிடுமாறு செய்தால், நீங்கள் சொல்லவேண்டிய சொற்களே குறைந்துவிடும்.

ஏற்றவள்தானா என்ற கேள்விக்கு இரண்டு மாதத்தில் விடை கிடையாது. ஓர் ஆண்டு முடிந்தபின் கேளுங்கள்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். அந்தச் சிறுவன் தன் தாய்மொழியில் நண்பர்களோடு பேசுகிறானா என்று உள்ளூர் ஆசிரியர் ஒருவரிடமும், வீட்டில் பேசுகிறானா என்று பெற்றோரிடமும் விசாரியுங்கள். வீட்டில் பேசியும் பள்ளியில் எவரிடமும் எந்த மொழியிலும் பேசுவதில்லை என்றால், அது மொழி பழகும் மௌனம் அன்று. தாமதிக்காமல் பள்ளியில் தெரிவித்து, தகுந்த வல்லுநரிடம் காட்டச் சொல்லுங்கள். விளையாட்டுத் திடலில் வாயாடுகிறவன்தான் என்று தெரிந்தால், அவனைப் பேசச் சொல்வதை விட்டுவிட்டுக் கிரேயான் டப்பாவை அவன் கையில் கொடுத்துப் பங்கிடச் சொல்லுங்கள். யாருக்கு எந்த நிறம் வேண்டும் என்று மற்றவர்கள் அவனிடம் கேட்கட்டும்.