நடப்பவரிடம் கணக்குக் கேட்காதீர்கள்

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு வயது 66. பார்க்கின்சன் நோயின் தொடக்கநிலை. லெவோடோபா மாத்திரை எடுத்துக்கொள்கிறார். தனியாக நன்றாகவே நடக்கிறார். ஆனால் மாலை நடையில் நான் எதையாவது கேட்டால் பதில் சொல்வதில்லை, அல்லது நின்றுவிடுகிறார். வீம்போ என்று தோன்றுகிறது. டிரெட்மில் வாங்கலாமா? பூனைக்காலிப் பொடி கொடுக்கலாமா?

செ.

அன்புள்ள செ.,

பூனைக்காலி விதையில் இருப்பதும் லெவோடோபாதான். மாத்திரையோடு அதையும் சேர்த்தால் அளவு தவறும். மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

அப்பாவுக்கு வீம்பு என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? நமக்கு நடை தானாக நிகழ்கிறது. மூளையின் ஆழத்திலுள்ள நரம்பணுத் திரள்கள் காலடிகளைக் கவனித்துக்கொள்வதால் நாம் ஊர்க்கதை பேசியபடி போகிறோம். இந்த நோயில் டோபமின் என்னும் மூளை வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழியத் தொடங்கியதும் அந்தப் பழக்கம் தளர்ந்து, ஒவ்வோர் அடியையும் மூளையின் முன்பகுதி நினைத்து நினைத்து எடுத்துவைக்க வேண்டியதாகிறது. அதே முன்பகுதியிடம்தான் மின்கட்டணம் கட்டியாயிற்றா என்று கேட்கிறீர்கள். ஆய்வுகளில் நோயாளியை நடக்கவிட்டு, 100இலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வதுண்டு. வெறுமனே நடக்கையில் தெரியாத குறை அப்போது தெரியும். அடி குறுகும், வேகம் தணியும், அடிக்கு அடி சீர் குலையும்.

இன்னொன்றையும் கேளுங்கள். உடல்நலமுள்ள முதியவர் இரண்டு வேலை சேர்ந்து வந்தால் பேச்சை விட்டுக் காலைக் காத்துக்கொள்வார். பார்க்கின்சன் நோயாளிகள் பலர் அப்படிச் செய்யாமல் எல்லாவற்றையும் ஒருசேரச் செய்ய முயன்று தடுமாறுகிறார்கள் என்று நெதர்லாந்தின் நரம்பியலாளர் பாஸ்டியான் புளூம் குழுவினர் எழுதியிருக்கிறார்கள். பேச்சை விட்டுக் காலைக் காக்கும் அந்த நல்லறிவு உங்கள் அப்பாவிடம் இன்னும் இருக்கிறது, அதைத்தான் நீங்கள் வீம்பு என்கிறீர்கள்! இதே நோயிருந்த என் பெரியப்பா, நடக்கையில் யார் எதைக் கேட்டாலும் "உட்காரு, சொல்றேன்" என்பார். அருகில் திண்ணையோ கல்லோ கிடைக்கும்வரை வாய் திறக்கமாட்டார். கேட்டவர்கள் முகம் சுளித்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை.

அதற்காக அவரை என்றென்றைக்கும் மௌனமாக நடத்திச் செல்லவும் வேண்டாம். பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் 121 நோயாளிகள் 6 வார காலம் இயன்முறை மருத்துவரின் துணையோடு நடையையும் சிந்தனை வேலையையும் பயின்றதில், இரண்டையும் சேர்த்துச் செய்கையில் நடைவேகம் கூடியது; விழுவது அதிகமாகவில்லை. 2017இல் வெளிவந்த முடிவு இது. அந்தப் பயிற்சியை ஆட்டோக்கள் உரசிப்போகும் தெருவில் நீங்களாகத் தொடங்காதீர்கள். இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் செல்லுங்கள். டிரெட்மில் வாங்குவதா என்பதையும் அவரே சொல்லட்டும்.